கிட் லென்ஸுக்கு அடுத்து எது? லேண்ட்ஸ்கேப்புக்கு முதல் வைட் ஆங்கிள்

கேனான் 200டி, 1500டி, நிக்கான் டி3500, டி5600 என்று ஏதோ ஒரு கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் கையில் இருக்கின்றன. மலை, கடல், வயல் என்று எடுக்கத் தொடங்கியாயிற்று. அடுத்து வைட் ஆங்கிள்தான் என்று மனதுக்குள் முடிவும் ஆகிவிட்டது. விசாரித்தால் ஒருவர் 10-18 என்கிறார். இன்னொருவர், "வாங்குறதுதான் வாங்குறீங்க, எஃப்/2.8 ஆவே வாங்கிடுங்க" என்று டோக்கினாவைக் காட்டுகிறார். நட்சத்திரம் எடுப்பவர்கள் சாம்யாங் 14 என்கிறார்கள். இந்த மூன்றோடு, எதுவுமே வாங்காமல் கிட் லென்ஸிலேயே பார்த்துக்கொள்ளும் வழியையும் சேர்த்து எடை போடலாம்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு எடை குறைந்த, விலை குறைந்த 10-18 போதும், நிக்கான்காரர்களுக்கு 10-20. விலை குறைவு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. லேண்ட்ஸ்கேப்பில் இந்த லென்ஸை எப்படிப் பிடிக்கிறோம், எந்த அபெர்ச்சரில் (ஒளி நுழையும் துளையின் அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) வைக்கிறோம் என்று பார்த்தால், கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் விஷயம் பாதி நேரம் பயன்படுவதே இல்லை.

10 மி.மீ. என்ன செய்யும்?

"எல்லாம் அடங்கும்" என்பதுதான் வைட் ஆங்கிள் பற்றி முதலில் கேள்விப்படுவது. அடங்கும், உண்மைதான். என்ன விலைக்கு அடங்குகிறது என்று பாருங்கள். கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அரை கிலோமீட்டர் தள்ளி நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேனான் கிராப் சென்சாரில் (இந்தக் கேமராக்களில் இருப்பது, ஃபுல் ஃப்ரேமை விடச் சிறிய சென்சார்) 10 மி.மீ. வைத்தால் சிலை ஃப்ரேமின் உயரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். 24 மெகாபிக்சல் படத்தின் 4,000 பிக்சல் உயரத்தில் சிலைக்குக் கிடைப்பது 220 பிக்சல். அதே இடத்தில் நின்று கிட் லென்ஸை 55-க்குத் திருகினால் 1,200 பிக்சல் கிடைக்கும்.

மலைக்கும் இதே கதிதான். நாகர்கோவில் பக்கம் வயலுக்குப் பின்னால் நெடுநெடுவென்று நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையை அல்ட்ரா வைட்டில் எடுத்தால் அடிவானத்தில் நீலக் கோடாகச் சுருங்கிவிடும். நேரில் இருந்த பிரமிப்பு படத்தில் எங்கே போனது என்று புதிதாக வாங்கியவர்கள் பலர் கேட்பது இதனால்தான். லென்ஸில் குறை இல்லை. தூரத்தில் இருப்பது அதில் சிறிதாகத்தான் தெரியும்.

அதன் பலம் நம் காலடியில் இருக்கிறது. முட்டம் கடற்கரைப் பாறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, பாசி படிந்த ஒரு பாறைக்கு ஒன்றரை அடி தூரத்தில் கேமராவை வையுங்கள். பாறை ஃப்ரேமின் கீழ்ப்பாதியை நிறைத்துவிடும். அதன் குழியில் தேங்கிய தண்ணீரில் வானத்தின் நிறம் தெரியும். பின்னால் அலை, அதற்கும் பின்னால் அடிவானம். பார்ப்பவர் கண் பாறையில் தொடங்கி உள்ளே போகும். இந்தப் படத்துக்குத்தான் 10 மி.மீ. தேரிக்காட்டின் செம்மணலில் காற்று போட்ட வரிகள், நடவு முடிந்த வயலில் வரப்போரத் தண்ணீர், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு முன்னால் பாதையோரம் கிடக்கும் கற்கள் என்று ஃபோர்கிரவுண்டாக எதையாவது தேடிப் பிடித்து, அதற்கு மிக நெருக்கமாகப் போகிறவருக்கு இந்த லென்ஸ் வாரி வழங்கும். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலிருந்தே எடுப்பவருக்கு வெறும் வானமும் வெறும் தரையும்தான் கிடைக்கும்.

தனுஷ்கோடியில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். மணல் திட்டில் நின்று கடலைப் பார்த்து 10-ல் எடுத்தால் கீழே மணல், மேலே வானம், நடுவே மெல்லிய ஒரு கோடு. 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவருக்கு ஓரிரு அடி நெருக்கத்தில் போய், அரித்துப்போன பவளக்கல்லை ஓரத்தில் பெரிதாக வைத்து எடுத்தால் படமே வேறு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தென்னந்தோப்பில் கேமராவைக் கொஞ்சம் மேலே சாய்த்தாலும் மரங்களெல்லாம் உள்பக்கமாகச் சாயும், கீழே சாய்த்தால் வெளிப்பக்கமாக விரியும். 18-லும் இது உண்டு, 10-ல் கண்ணை உறுத்தும். சாய்க்காமல் நேராகப் பிடித்து, வேண்டாத தரையையோ வானத்தையோ பிறகு வெட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.

எதுவும் வாங்காமல்

கேனான் கிராப் சென்சாரில் 18 மி.மீ. படுக்கைவாட்டில் சுமார் 64 டிகிரியைப் பிடிக்கிறது, 10 மி.மீ. 96 டிகிரியை. இந்த இடைவெளியை லென்ஸ் இல்லாமலும் கடக்கலாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி 18-ல் வைத்து, ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி மூன்று படம் எடுங்கள். சேர்த்தால் 105 டிகிரி வரும், அதாவது 10 மி.மீ.யை விட அகலம். உயரத்தில் மட்டும் பத்து டிகிரி குறையும். சேர்த்த படம் ஏறக்குறைய 9,000 பிக்சல் அகலம் இருக்கும் என்பதால் பெரிதாக அச்சடிக்கவும் தாங்கும். லைட்ரூமில் இதற்கு வசதி உண்டு. ஹ்யூஜின் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். தொட்டபெட்டாவில் நின்று நீலகிரி மடிப்புகளை எடுக்க இந்த முறை அல்ட்ரா வைட்டை விடவே மேல் என்பேன். எல்லாம் தூரத்தில் இருக்கிறது, எதுவும் அசையவில்லை. 24, 35 மி.மீ.யில் இன்னும் நெருக்கிப் பல படங்களாக எடுத்துச் சேர்த்தால் மலை மலையாகவே இருக்கும்.

அலை அடிக்கும் இடத்தில் இது சரிவராது. முதல் படத்தில் இருந்த நுரை இரண்டாவதில் இருக்காது. மேலே சொன்ன முட்டம் பாறை மாதிரி ஒன்றரை அடியில் ஒரு பொருள் இருந்தாலும் சரிவராது. கேமராவைத் திருப்பும்போது பக்கத்தில் உள்ளது இடம்மாறித் தெரியும், மென்பொருள் திணறும். ஆக, மலைப்பக்கம் சுற்றுபவர் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். கடற்கரை, அருவி, வயல் என்று தண்ணீரோடும் தரையோடும் இருப்பவருக்குத்தான் லென்ஸ் உண்மையில் தேவைப்படுகிறது.

10-18, 10-20

கேனான் ஈஎஃப்-எஸ் 10-18 எஃப்/4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் 2014-ல் வந்தது. அறிமுக விலை 299 டாலர். எடை 240 கிராம், ஃபில்டர் அளவு 67 மி.மீ. நிக்கானின் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 10-20 எஃப்/4.5-5.6 விஆர் 2017-ல் வந்தது. 230 கிராம், 72 மி.மீ. ஃபில்டர், விலையும் ஏறக்குறைய அதுவே. இரண்டிலும் மவுன்ட், அதாவது கேமராவில் மாட்டும் வளையம், பிளாஸ்டிக். அதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். கால் கிலோ லென்ஸுக்கு அது தாங்கும்.

எஃப்/4.5 என்றதும் "ஸ்லோ லென்ஸ்" என்று ஒதுக்குவதுதான் பலர் செய்யும் தவறு. ட்ரைபாடில் வைத்து லேண்ட்ஸ்கேப் எடுப்பவர் எப்படியும் எஃப்/8, எஃப்/11 என்றுதான் வைக்கப்போகிறார். காலடிப் பாறையும் அடிவானமும் இரண்டுமே ஷார்ப்பாக வேண்டும் அல்லவா? இங்கே 10 மி.மீ. தரும் சலுகை பெரியது. கேனான் கிராப் சென்சாரில் எஃப்/8 வைத்து, 67 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால் சுமார் 33 செ.மீ.யிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் ஷார்ப். அதே எஃப்/8-ல் 18 மி.மீ. என்றால் இரண்டு மீட்டரைத் தாண்டி ஃபோகஸ் வைக்க வேண்டும், ஷார்ப் தொடங்குவதோ ஒரு மீட்டருக்கு மேல்தான். ஒன்றரை அடியில் பாறையை வைக்க 10 மி.மீ. ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். எஃப்/16, 22 என்று மூடத் தேவையில்லை. கிராப் சென்சாரில் அங்கே டிஃப்ராக்‌ஷனால் (சிறிய துளையில் ஒளி சிதறுவதால்) படம் மங்கத் தொடங்கிவிடும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. கேனான் 10-18-ல் தூர அளவுகோல் இல்லை. வளையத்தைத் திருப்பினால் மோட்டார்தான் நகர்த்தும். கேமரா தூங்கிவிட்டால் வளையம் சும்மா சுற்றும். எனவே இரண்டடிக்குச் சற்று அதிகமான தூரத்தில் உள்ள ஏதாவதொன்றில் ஆட்டோஃபோகஸ் செய்து, உடனே லென்ஸில் இருக்கும் சுவிட்சை எம்எஃப்-க்குத் தள்ளிவிடுங்கள். நிக்கான் 10-20-ல் அந்த சுவிட்ச் கூடக் கிடையாது, கேமரா மெனுவுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இருட்டில் கை குளிரும்போது இது எரிச்சலான வேலை.

நிக்கான்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டி3100, டி3200, டி5100 போன்ற பழைய கேமராக்களில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. டி3300, டி5200 வகையறாவுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் செய்திருக்க வேண்டும். டி3500, டி5600-க்குப் பிரச்சினை இல்லை. பழைய கேமராவை இரவல் வாங்கியோ செகண்ட் ஹேண்டாகவோ வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைச் சரிபார்த்துவிட வேண்டும்.

ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி; கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர்) வைட் ஆங்கிளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் மாலை வெளிச்சம் இறங்கும் நேரம் கையில் பிடித்துத்தான் எடுக்க முடியும். அங்கே ஐஎஸ் இருப்பது, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன் அமைப்பு) ஏற்றாமல் காப்பாற்றும். டோக்கினாவிலும் சாம்யாங்கிலும் அது இல்லை.

எஃப்/2.8-க்குக் கொடுக்கும் பணம்

டோக்கினா 11-16 எஃப்/2.8 கிராப் சென்சார்காரர்களிடம் பல ஆண்டுகளாகப் பெயரெடுத்த லென்ஸ். அதன் அடுத்த வடிவம் 11-20, 2015-ல் வந்தது. கட்டுமானம் உறுதி. ஃபோகஸ் வளையத்தை முன்னும் பின்னும் இழுத்தாலே ஆட்டோவும் மேனுவலும் மாறும், தூர அளவுகோலும் இருக்கிறது. மேலே சொன்ன ஃபோகஸ் வேலையை இதில் செய்வது சுகம். பதிலுக்கு எடை அரைக் கிலோவைத் தாண்டும். 11-16-க்கு 77 மி.மீ., 11-20-க்கு 82 மி.மீ. ஃபில்டர் வேண்டும். நேர் எதிரே சூரியன் இருந்தால் ஃப்ளேர், அதாவது ஒளிப் புள்ளிகளும் வெளிறலும், கொஞ்சம் தாராளமாகவே வரும். சூரிய உதயத்துக்காக விடியற்காலையில் எழுந்து போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இந்த லென்ஸ் யாருக்கு? பால்வீதி எடுக்க ஆசைப்படுபவருக்கு. எஃப்/2.8, எஃப்/4.5-ஐப் போல இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. டோக்கினாவில் ஐஎஸ்ஓ 3200-ல் எடுக்கும் படத்தை 10-18-ல் அதே நேரத்தில் எடுக்க ஐஎஸ்ஓ 8000 போக வேண்டும். 200டி, 1500டியில் 8000 என்பது மொரமொரவென்று நாய்ஸ், அதாவது படம் முழுக்கப் புள்ளிகள். நம் அட்சரேகையில் பால்வீதியின் மையப்பகுதி அடிவானத்திலிருந்து 50 டிகிரி உயரம் வரை ஏறும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மார்ச் முதல் ஜூன் வரை, நிலா இல்லாத இரவுகளில், ஜவ்வாது மலை மாதிரியான இடத்துக்குப் போய்வர முடிகிறவருக்கு எஃப்/2.8 கொடுத்த காசுக்குப் பலன் தரும். அந்த மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்ததே இருட்டான வானத்துக்காகத்தான். சென்னையிலோ கோவையிலோ ஊருக்குள்ளிருந்து நட்சத்திரம் எடுக்க நினைப்பவருக்கு எஃப்/2.8 வாங்கினாலும் தெருவிளக்கின் ஆரஞ்சு வெளிச்சம்தான் கிடைக்கும்.

பழைய டோக்கினா 11-16 முதல் பதிப்பின் நிக்கான் வடிவத்துக்குள் மோட்டார் இல்லை. டி3500, டி5600 போன்ற கேமராக்களிலும் மோட்டார் இல்லாததால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் அது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு.

சாம்யாங் 14 எஃப்/2.8 மேனுவல் லென்ஸைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஃபுல் ஃப்ரேமில் அருமையான மலிவு லென்ஸ். கேனான் கிராப் சென்சாரில் அது ஃபுல் ஃப்ரேமின் 22 மி.மீ. போலத்தான் தெரியும், அதே கணக்கில் கிட் லென்ஸின் 18 என்பது 29, அதிலிருந்து பெரிய தாவல் இல்லை. முன்கண்ணாடி குமிழாகத் துருத்திக்கொண்டிருப்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. கடல் அடிவானத்தை மேலோ கீழோ வைத்தால் கோடு அலை போல நெளியும், சரிசெய்ய மென்பொருளில் அந்த லென்ஸுக்கான புரொஃபைல் வேண்டும். நட்சத்திரம் மட்டுமே குறி, கையில் பணம் குறைவு, நாளை ஃபுல் ஃப்ரேமுக்குப் போவது உறுதி என்பவர் வாங்கட்டும்.

மிரர்லெஸ் வைத்திருந்தால்

இங்கே கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கேனான் ஆர்50, ஆர்10-க்கு 2023-ல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18 வெறும் 150 கிராம், ஃபில்டர் 49 மி.மீ. பழைய ஈஎஃப்-எஸ் 10-18 ஏற்கெனவே இருந்தால் அடாப்டரோடு நன்றாகவே வேலை செய்யும், புதிது வாங்க அவசரம் வேண்டாம். ஆர்எஃப் 16 எஃப்/2.8-ல் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 165 கிராம், பார்க்க அழகு, "அல்ட்ரா வைட்" என்றுதான் விற்பார்கள். ஃபுல் ஃப்ரேமில் அது அல்ட்ரா வைட்தான். ஆர்50-ல் 18-45 கிட் லென்ஸுக்கும் அதற்கும் இடையே இரண்டே மி.மீ.

சோனி, ஃப்யூஜி, கேனான் கிராப் மிரர்லெஸ்களுக்கு சிக்மா 10-18 எஃப்/2.8 இருக்கிறது. 260 கிராமில் எஃப்/2.8 கிடைக்கிறது என்பதால், டோக்கினாவுக்கு எதிராகச் சொன்ன எடை வாதம் இதனிடம் செல்லாது. அறிமுக விலை 599 டாலர். ஆர்எஃப்-எஸ் 10-18-க்கு 329. இரவு வானமும் வேண்டும், மலையேற்றமும் வேண்டும் என்பவர் யோசிக்காமல் சிக்மாவுக்குப் போகலாம். ஐஎஸ் அதில் கிடையாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சோனிக்காரர்களுக்கு 181 கிராமில் 11 எஃப்/1.8 என்ற ஜூம் இல்லாத லென்ஸும் உண்டு, நட்சத்திரத்துக்கு அதுவே இன்னும் மேல். நிக்கான் இசட்50, இசட்30-க்கு 12-28 இருக்கிறது. 12 என்பது 10 அளவுக்கு அகலமில்லை. ஆனால் மேலே 28 வரை போவதால் நாள் முழுக்கக் கழற்றாமல் வைத்திருக்கலாம். தேரிக்காடு மாதிரி மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

ஃபில்டர் செலவும் செகண்ட் ஹேண்டும்

லென்ஸ் விலையோடு ஃபில்டர் விலையையும் கூட்டிப் பாருங்கள். நல்ல என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) அளவு பெரிதாகப் பெரிதாக விலை ஏறும். 67-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசத்தில் சிறிய ட்ரைபாட் தேறிவிடும். 10 மி.மீ.யில் தடித்த ஃபில்டர் மூலைகளைக் கறுப்பாக்கும், மெல்லிய சட்டம் உள்ளதாக வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டவே கூடாது. போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) நீல வானத்துக்கு 10-ல் பயன்படுத்தினால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வானம் ஃப்ரேமில் இல்லாத அருவிப் படத்துக்குத்தான் அது கைகொடுக்கும். கொல்லிமலை ஆகாய கங்கையில் ஈரப்பாறையின் பளபளப்பைக் குறைத்து, இலையின் பச்சையை எடுத்துக்காட்டும்.

ஈஎஃப்-எஸ் 10-18-ஐயும் நிக்கான் 10-20-ஐயும் செகண்ட் ஹேண்டில் தேடுவதே புத்திசாலித்தனம். மிரர்லெஸுக்கு மாறியவர்கள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஃபங்கஸ், அதாவது கண்ணாடியில் படரும் பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரத்தில், பீரோவுக்குள் பையோடு கிடந்த லென்ஸில் அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். தூசி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை.

அடுத்து, கேமராவை ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே, சாயாமல், 10 மி.மீ., எஃப்/8-ல் வைத்து ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு லேசாக மங்கியிருந்தால் அது இந்த வகை லென்ஸின் இயல்பு. மூன்று மூலை தெளிவாகவும் ஒரு மூலை மட்டும் குழம்பியும் இருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேமராவைத் தலைகீழாக, நூற்றெண்பது டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். குழப்பம் படத்தில் அதே மூலையிலேயே நின்றால் கேமராவோ லென்ஸோ காரணம். சுவரில் அதே செங்கலோடு தங்கிவிட்டால் நீங்கள் நேராக நிற்கவில்லை. பிறகு ஐஎஸ்ஸைப் போட்டு, 10 மி.மீ.யில் கால் விநாடிக்கு வைத்துக் கையில் பிடித்துச் சில படங்கள் எடுங்கள். அதில் ஒன்றிரண்டு ஷார்ப்பாக வந்தால் ஐஎஸ்ஸும் வேலை செய்கிறது, பேரம் பேசத் தொடங்கலாம்.